அண்ணனைக் கைபிடித்து இழுக்காதே

யாங்கோன்

அன்புள்ள பரிமளம்,

நாங்கள் இங்கே நலம். உன் கடிதமும், கூடவே நீ கொடுத்தனுப்பிய பம்பளிமாஸும் பத்திரமாக வந்து சேர்ந்தன. பேத்தி ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகத் தொடங்கியிருக்கிறாள். உன் கடிதத்தின் முதல் பக்கத்தை எழுத்துக்கூட்டி அவள்தான் எனக்கு வாசித்தாள். மிச்சத்தை நான் தனியாக உட்கார்ந்து படித்தேன்.

அண்ணனுக்குப் பார்க்கின்சன் நோய் என்று படித்ததும் மனசு கனத்துப்போனது. இவருக்கு வந்தபோது நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். அதனால் ஆறுதலோடு நிறுத்தாமல், நடை விஷயமாக எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிவிடுகிறேன். ஊர் பார்ப்பது கை நடுக்கத்தை. ஆளைக் கீழே தள்ளுவதோ நடை.

"நடக்கும்போது வலது கை வீசாமல் தொங்குகிறது, செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார்" என்று எழுதியிருந்தாயே, இதன் ஆரம்பமே அப்படித்தான். பெரும்பாலும் முதலில் ஒரு பக்கத்தில்தான் தெரியும். மூளையின் அடிப்பகுதியில் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகின்றன. நாம் யாரும் காலை எடு, வை என்று நினைத்து நடப்பதில்லை. நடை தானாக வருகிறது. அதைக் கவனித்துக்கொள்ளும் இடத்துக்கு டோபமின் வேண்டும். அது குறையக் குறைய அடி சிறுக்கும், முதுகு கூனும், உடம்பு முன்னுக்குச் சாயும், சாய்கிற உடம்பைப் பிடிக்கக் கால் குறுகுறுவென்று ஓடும். 1817இல் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி எழுதியபோதே இந்த ஓட்டநடையையும் குறித்திருக்கிறார். அவர் எழுதிய ஆறு பேரில் சிலர் அவர் தெருவில் பார்த்தவர்கள். நடையே காட்டிக்கொடுத்துவிடுகிற நோய் இது.

எல்லாவற்றிலும் கொடுமை, கால் தரையோடு ஒட்டிக்கொள்வது. அண்ணனுக்கு இன்னும் அது வரவில்லை, எல்லாருக்கும் வருவதும் இல்லை. ஆனாலும் தெரிந்துவைத்துக்கொள். எங்கள் வீட்டில் குளியலறை வாசலில்தான் அடிக்கடி நடக்கும். கூடத்தில் நன்றாக வந்தவர் கதவு நிலைக்கு நேராக வந்ததும் நின்றுவிடுவார். குதிகால் எழும்பித் துடிக்கும், முன்பாதம் தரையை விட்டுக் கிளம்பாது, உடம்பு மட்டும் போகப் பார்க்கும். அந்த நேரத்தில் கையைப் பிடித்து இழுத்தால் உடம்பு வரும், கால் வராது. குப்புற விழ வேண்டியதுதான். "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவசரப்படுத்தினால் இன்னும் இறுகும். எங்கள் சொந்தத்திலேயே ஒருவர், "மாடிப்படி ஏறத் தெரிகிறது, வாசல் தாண்டத் தெரியவில்லையா? எல்லாம் பிடிவாதம்" என்று இவர் காதுபடச் சொன்னார். அன்றிரவு இவர் சாப்பிடவில்லை. எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

படி ஏறுகிறார் என்பது உண்மைதான். எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. இந்தப் பழைய கட்டடங்களின் படி எவ்வளவு செங்குத்து என்று நீயே ஏறிப் பார்த்திருக்கிறாய். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அதில் தடையில்லாமல் ஏறிவிடுவார். ஏனென்றால் அடுத்த அடியை எங்கே வைப்பது என்று ஒவ்வொரு படியும் கண்ணுக்குக் காட்டிவிடுகிறது. தானாக வரும் நடை கெட்டுப்போனாலும், பார்த்து, நினைத்து, வேண்டுமென்றே எடுத்துவைக்கும் நடை பாக்கி இருக்கிறது, பரிமளம். அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். காளி கோயிலுக்குக் கூட்டிப்போனால் உயரமான வாசற்படியை மிதிக்காமல் தாண்டிவிடுகிறார். தரையோடு தரையாக இருக்கும் எங்கள் குளியலறை வாசலில்தான் நிற்கிறார். அதனால் அங்கே ஓர் அடி தூரத்துக்கு ஒன்றாக, தரைக்குக் குறுக்கே வெள்ளை டேப் ஒட்டிவிட்டேன். கோட்டைத் தாண்டு என்றால் கால் தாண்டுகிறது.

தாளமும் உதவும். சின்ன வயதில் காவடி எடுத்தவர் இல்லையா, கால் நின்றதும் நான் சிந்து மெட்டை மெல்ல முனகித் தொடையில் தட்டுவேன். முதலில் நின்று மூச்சுவிட்டு, நிமிர்ந்து, எடையை இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாற்றிக்கொண்டு, பிறகு பெரிய அடியாக ஒன்று வைப்பார். நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதே, கையில் டீ கிளாஸும் கொடுக்காதே. கவனம் சிதறினால் அடி குழம்பிவிடும்.

அடுத்தது சமநிலை. டாக்டர் பின்னால் நின்று இரண்டு தோளையும் வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பார். நாமாக இருந்தால் ஓரிரு அடி பின்வைத்துச் சுதாரித்துக்கொள்வோம். இவரோ அப்படியே டாக்டர் கையில் சரிந்தார். டோபமின் குறையை ஈடுகட்டும் லெவோடோபா மாத்திரை விறைப்பையும் மந்தத்தையும் நன்றாகக் குறைக்கும், சமநிலைக்கு அவ்வளவாக உதவாது. அதற்குப் பயிற்சிதான். அண்ணன் நன்றாக நடமாடும் இப்போதே ஃபிசியோதெரபிஸ்டிடம் கூட்டிப் போ. விழ ஆரம்பித்த பிறகு போகலாம் என்று தள்ளிப்போடாதே. வாக்கரும் அவர் பார்த்துச் சொன்ன பிறகு வாங்கினால் போதும். ஒவ்வோர் அடிக்கும் தூக்கி வைக்கிற வகை சிலருக்கு நடையை இன்னும் தடுக்கிறது.

வீட்டில் சட்டென்று திரும்பவிடாதே, வளைந்து சுற்றித் திரும்பட்டும். கட்டிலைச் சுவரோரம் தள்ளி அதற்கு இடம் பண்ணினேன். ஃபிரிட்ஜ் கதவை நேரே நின்று இழுத்தால் பின்னால் சாய்வார்கள், பக்கவாட்டில் நிற்கச் சொல். படுக்கையிலிருந்து எழுந்தவுடன் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும், கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழட்டும். லோஞ்சிக் கைலியைக் கணுக்காலுக்கு மேலே கட்டட்டும். நம் ஊர்ச் செருப்பு வேண்டாம், குதிகாலைப் பிடிக்கும் வார் உள்ளதாக வாங்கு. இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கண்ணை நம்பி நடப்பவருக்கு இருட்டில் தரையே தெரியாது. பாத்ரூம் போகும் வழியில் சார்ஜ் லைட் ஒன்று எப்போதும் வைத்திருக்கிறேன்.

இதை மட்டும் மறக்காதே. தலைசுற்றல், வாந்தி என்று தெருமுனைக் கடையில் மாத்திரை வாங்காதே. அதற்குக் கொடுக்கும் சின்னாரிசினும் மெட்டோகுளோபிரமைடும் இந்த நோயைக் கூட்டிவிடும். இப்போது சாப்பிடுகிற மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தாதே.

மழைக்கு முன்னால் அண்ணனை அழைத்துக்கொண்டு வா. இவரிடம் பேசினால் அவருக்கும் தைரியம் வரும், நாம் நால்வருமாகக் கண்டோஜி ஏரிப் பக்கம் காலாற நடக்கலாம். எத்தனை மணிக்கு மாத்திரை, எப்போது நடை தளர்கிறது என்று இன்றிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வை. அடுத்த வேளை மாத்திரை நெருங்கும்போது நடை மோசமாகிறதா என்று டாக்டர் கேட்பார். வரும்போது அதையும் எடுத்து வாடி.

உன்
கண்ணம்மா