கமலாவுக்கு, ஓகா முகமூடிகளைப் பற்றி

செண்டாய்,
ஜனவரி 11

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வருஷக் கடைசியில் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. அண்ணன் ரிட்டையர் ஆன பிறகு வீட்டில் நிலைகொள்ளாமல் தவிக்கிறார் என்று எழுதியிருந்தாய். இவரும் அடுத்த மார்ச்சில் வேலையை விடுகிறார். அப்போது உன்னிடம்தான் யோசனை கேட்கப்போகிறேன். சின்னவளுக்குப் பிப்ரவரியில் பரீட்சை, படிப்புதான் முழு நேரமும்.

வருஷப் பிறப்புக்கு நானும் இவரும் ஊரில் இல்லை. இவரோடு வேலை பார்க்கிறவர் தன் மாமனார் வீட்டுக்கு எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். அகிதா மாகாணத்தில் ஓகா என்று ஒரு தீபகற்பம், ஜப்பான் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே டிசம்பர் 31 ராத்திரி 'நமஹகே' வீடு வீடாக வரும். மலையிலிருந்து இறங்கி வரும் தெய்வம் என்கிறார்கள். ஊர் ஆண்கள் பெரிய முகமூடி போட்டு, வைக்கோல் அங்கி சுற்றி, கையில் மரக் கத்தியோடு வருவார்கள். சரித்திர டீச்சருக்கு இதையும் சொல்லிவிடுகிறேன்: சுகாயே மாசுமி என்ற பயணி 1811-லேயே இதை நேரில் பார்த்து எழுதி, படமும் வரைந்து வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் பழைய நாட்காட்டிப்படி முதல் மாதம் 15-ஆம் தேதி நடக்கும். பிற்பாடுதான் வருஷக் கடைசிக்கு மாற்றினார்கள்.

முதலில் ஒருவர் மட்டும் வந்து, உள்ளே வரலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்பார். அந்த வருஷம் சாவோ பிறப்போ நடந்த வீட்டுக்குள் வர மாட்டார்கள். சம்மதம் கிடைத்ததும் நமஹகேக்கள் வாசலில் நின்று ஏழு தடவை காலை ஓங்கித் தரையில் மிதிப்பார்கள். வீடே அதிர்ந்ததடி! "அழுகிற பிள்ளை இருக்கிறதா? சோம்பேறிப் பிள்ளை இருக்கிறதா?" என்று கத்திக்கொண்டே அறை அறையாகத் தேடுகிறார்கள். அந்த வீட்டுப் பேரனுக்கு ஐந்து வயது இருக்கும். அப்பாவின் சட்டைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு அலறிவிட்டான்.

இத்தனை நாள் இதைக் குழந்தையை மிரட்டும் வழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது வேறு ஒன்று தெரிந்தது. தேடி முடித்ததும் நமஹகே உட்காருகிறது. முன்னால் சாப்பாடும் சாகே என்கிற அரிசி மதுவும் வைக்கிறார்கள். ஒரு பேரேட்டைப் புரட்டி, "இவன் வீட்டுப்பாடம் செய்வதில்லை, அம்மாவுக்கு உதவுவதில்லை, மலைமேலிருந்து எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்" என்று குற்றம் படிக்கிறது. அப்பா விடவில்லை. "இல்லை, இப்போது திருந்திவிட்டான். தங்கச்சியைப் பார்த்துக்கொள்கிறான், நல்ல பிள்ளை" என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறார். அந்தப் பயங்கர முகத்துக்கு எதிரே அப்பா தனக்காகப் பேசுவதைப் பையன் கேட்டுக்கொண்டே இருந்தான். அழுகை கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. கடைசியில் வருகிற வருஷத்து விளைச்சலும் வீட்டாரின் ஆரோக்கியமும் நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்தி, மூன்று மிதி மிதித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். உதிர்ந்த வைக்கோலை அன்றைக்குப் பெருக்கக் கூடாதாம். அதை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டால் நோய் அண்டாதாம். பாட்டி அப்படியே ஒரு இழையைப் பேரன் தலையில் சுற்றிவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரர் வந்து இதே புத்தியைச் சொல்லியிருந்தால் சண்டைதான் வந்திருக்கும். முகமூடிக்குள் இருப்பது யார் என்று பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல இருந்தால்தான் அந்தப் பேச்சுக்கு மரியாதை. அதற்காகத்தான் மரத்தில் இன்னொரு முகம் செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுநாள் ஊர்ச் சாவடியில் அந்த முகமூடியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். முன்பக்கம் சிவப்பு, பெரிய கோரைப் பல். உள்பக்கம் உளி போன தடம் அப்படியே இருக்கிறது, இழைக்கவே இல்லை. நெற்றி படுகிற இடத்தில் துணியை மடித்து வைத்திருக்கிறார்கள், வேர்வையில் கறுத்துக் கிடந்தது. கண் ஓட்டையில் என் சுண்டுவிரல்தான் நுழைந்தது. அதன் வழியாகப் பார்த்தால் எதிரில் நிற்பவர் முகம் மட்டும் தெரியும், கீழே படி இருக்கிறதா என்று தெரியாது. முன்னால் ஒருவர் வழிகாட்டிக்கொண்டு போவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

ஓகாவிலேயே ஷின்சான் என்ற இடத்தில் 'நமஹகே-கான்' என்று ஒரு காட்சியகம் இருக்கிறது, 1999-இல் திறந்தது. ஊர் ஊராகப் பயன்பட்ட முகமூடிகள் நூற்றுக்கும் மேல் வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். ஒன்று மாதிரி ஒன்று இல்லை. மரத்தில் செதுக்கியவை, மரப்பட்டையை வளைத்துச் செய்தவை, மூங்கில் கூடைமேல் கூழ்க் காகிதம் ஒட்டியவை என்று அவரவர் கைக்கு எட்டியதில் செய்திருக்கிறார்கள். ஷின்சான் முகமூடிக்குக் கொம்பே கிடையாது. சில ஊரில் சிவப்பு கிழவர், நீலம் கிழவி. கடைகளில் விற்கும் கொம்பு வைத்த பளபளப்பான முகங்களைவிட, கோணல் வாயும் ஏறுமாறான கண்ணுமாக ஊர்க்காரர்களே செய்த முகங்கள்தான் என்னைப் பிடித்து நிறுத்தின.

செதுக்குகிறவர் ஒருவரையும் பார்த்தோம். உனக்கு உளி வேலை பிடிக்கும் என்பதால் விவரமாக எழுதுகிறேன். கட்டையின் நடுவில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் ஒரே ஒரு கோடு. மூக்கு நுனியை உயரமாக விட்டுவைத்துக்கொண்டு, கோட்டுக்கு இரண்டு பக்கமும் மாறி மாறிக் கன்னத்தை இறக்கிக்கொண்டே போகிறார். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்த பக்கம் போவதில்லை. கொட்டாப்புளியால் தட்டும்போது பெரிய சில்லுகள் தெறிக்கின்றன. பிறகு திருப்பிப் போட்டு, வளைந்த உளியால் உள்ளே குடைகிறார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துப் பார்த்தே கனத்தைச் சொல்லிவிடுகிறார். ஜப்பானில் பல ஊர்களில் முகமூடிக்கும் சிங்க ஆட்டத்துக்கான சிங்கத் தலைக்கும் 'கிரி' என்ற மரம்தான். எடை குறைவு, எளிதில் வெடிக்காது. முன்பெல்லாம் பெண் பிறந்தால் ஒரு கிரி கன்று நட்டு, கல்யாணத்தின்போது வெட்டித் துணிப்பெட்டி செய்து கொடுப்பார்களாம்.

எல்லாமே எனக்குப் பிடித்தது என்று நினைத்துவிடாதே. புதிதாக வாழ வந்த மருமகளையும் நமஹகே விடாது. சீக்கிரம் எழுந்திருக்கிறாளா, மாமனார் மாமியார் பேச்சைக் கேட்கிறாளா என்று விசாரிக்கும். நாங்கள் தங்கிய வீட்டு மாமனாரின் அக்கா, தான் வாழ்க்கைப்பட்ட முதல் வருஷம் பயந்து அலமாரிக்குள் ஒளிந்துகொண்டதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் இருந்த வீட்டில் அந்தக் கேள்வி எழவில்லை, அது போனதே நல்லது.

முகமூடி போட ஆள் இல்லாததுதான் இப்போது பெரிய கவலை. ஒரு காலத்தில் கல்யாணமாகாத இளைஞர்கள்தான் போடுவார்களாம். அவர்கள் எல்லாம் வேலைக்கு டோக்கியோ பக்கம் போய்விட்டார்கள். எங்களுக்கு வந்த நமஹகேக்களில் ஒருவர் படி இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டார். குழந்தைகள் இருக்கும் வீடும் குறைந்துவிட்டது. 2018-இல் யுனெஸ்கோ இதையும் சேர்த்து இப்படிப்பட்ட பத்துச் சடங்குகளைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏற்றியது. சந்தோஷம்தான், ஆனால் பட்டியல் வந்து வாசலில் நின்று கால் மிதிக்காதே! சில ஊர்களில் வெளியூர் மாணவர்களுக்கும் முகமூடி கொடுக்கிறார்கள். மரபு கெடும் என்று சில பெரியவர்களுக்கு மனத்தாங்கல். கொடுப்பதுதான் சரி என்பேன். சுவரில் தொங்குவதைவிட யார் தலையிலாவது ஏறட்டும்.

அந்தப் பத்தில் ஒகினாவாவின் மியாகோ தீவுச் சடங்கும் ஒன்று. 'பான்து' என்று பெயர். அங்கே மர முகமூடியோடு உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டு வந்து, எதிர்ப்படுகிறவர் மேலும் புது வீட்டுச் சுவரிலும் அப்பிவிடுவார்கள். சேறு பட்டால் கெட்டது விலகுமாம். அங்கேயும் ஒரு தடவை போக ஆசை.

உன் வகுப்புக்கு ஒரு செய்தி. ஜப்பானின் பழைய தலைநகர் நாராவில் 752-இல் பெரிய புத்தருக்குக் கண் திறந்தார்கள் அல்லவா, அதைச் செய்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அந்த விழாவில் ஆடிய 'கிகாகு' ஆட்டத்தின் மர முகமூடிகள் இன்னும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் கருடன் உண்டு, 'பாராமோன்' என்று ஒரு பிராமணரும் உண்டு. அவர் ஆட்டத்தில் குழந்தையின் துணி துவைப்பார்! பிள்ளைகளிடம் சொல், ரசிப்பார்கள்.

அண்ணனையும் கூட்டிக்கொண்டு இந்த வருஷக் கடைசியில் வந்துவிடேன். பிப்ரவரியில் ஷின்சான் கோயிலில் எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரு விழா 1964 முதல் நடக்கிறது. ஆனால் வீட்டுக்குள் உட்கார்ந்து பார்ப்பதற்கு ஈடாகாது. மாமனார் இப்போதே சரி சொல்லிவிட்டார். விசாவுக்கு வேண்டிய காகிதங்களை இவர் அனுப்பி வைப்பார், பாஸ்போர்ட் காலாவதி ஆகிவிட்டதா என்று முதலில் பார். கம்பளி உடுப்பு எதுவும் வாங்காதே, என்னிடம் நிறைய இருக்கிறது. அம்மாவுக்கு அடுத்த கண்ணுக்கு எப்போது ஆபரேஷன் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் விசாலம்