பெருங்குடல் புற்றுநோய் முன்கூட்டிக் கண்டறிதல் திட்டம்: கோரிக்கை மனு

அனுப்புநர்: குடல்நோய் மருத்துவர்கள், ஆய்வக நுட்புநர்கள், எண்டோஸ்கோபி செவிலியர்கள்

பெறுநர்: பொதுச் சுகாதாரத் துறை இயக்குநர் அவர்கள்

பொருள்: மலப் பரிசோதனைக் குழாய் வழங்கும் முன் கொலனோஸ்கோபி (கேமரா பொருத்திய நெகிழ்குழாயால் பெருங்குடலின் உள்ளே பார்க்கும் பரிசோதனை) வசதியை உறுதிசெய்ய வேண்டுதல் – சார்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். பெருங்குடலின் உட்சுவரில் முளைக்கும் பாலிப் (சிறு சதை வளர்ச்சி) ஒன்று புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டு பிடிக்கும். அதற்குள் கண்டுபிடித்து அகற்றிவிட்டால் அது புற்றாக வழியில்லை. இவ்வளவு அவகாசம் தரும் நோயாக இருந்தும், 2020-இல் உலகில் 19 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு இது புதிதாகக் கண்டறியப்பட்டது. 9 லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தனர். மலத்தில் ரத்தம் போனாலும் ‘மூலமாகத்தான் இருக்கும்’ என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதே பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. ஒரு லட்சம் பேரை அழைத்து, பாதிப் பேர் மல மாதிரி கொடுத்து, அவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு ரத்தம் தெரிந்தால், 2,500 கொலனோஸ்கோபி செய்ய வேண்டிவரும். ஆண்டுக்கு 250 வேலை நாள் என்றால் நாளுக்குப் பத்து. இந்தப் பத்துக்கு ஆளும் கருவியும் இல்லாமல் குழாய்களை மட்டும் வாங்கி விநியோகிப்பது மக்களுக்குப் பயத்தைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நிறுத்திவைப்பது போலாகும். ரத்தம் தெரிந்த பின் 10 மாதத்துக்கு மேல் தாமதித்தவர்களிடம் புற்றுநோயும், அது முற்றிய நிலையும் அதிகம் என்று ஆய்வு காட்டியிருக்கிறது. ஒரு மாதத்துக்குள் கொலனோஸ்கோபிக்குத் தேதி கிடைக்க வேண்டும் என்பதே எங்கள் முதல் கோரிக்கை. அந்த அளவுக்கு இடம் இல்லாதவரை மலப் பரிசோதனையை 50 வயதிலிருந்து தொடங்கலாம்; வசதி பெருகியதும் 45-க்கு இறக்கலாம்.

மலப் பரிசோதனை ‘ஃபிட்’ (மலத்தில் உள்ள ரத்தத்தை எதிர்ப்பொருள் கொண்டு கண்டறியும் முறை) வகையாக இருக்கட்டும். மலத்தைத் தடவி ரத்தம் பார்க்கும் பழைய குவாயக் அட்டை இறைச்சியில் உள்ள ரத்தத்துக்கும் நிறம் மாறும். வைட்டமின் சி மாத்திரை எடுத்தவரிடம் இருக்கும் ரத்தத்தையும் மறைத்துவிடும். ஃபிட் மனித ஹீமோகுளோபினை மட்டுமே பிடிப்பதால் உணவுக் கட்டுப்பாடு வேண்டாம்.

ஆனால் மாதிரி எடுப்பதில்தான் தவறு நடக்கிறது. மலம் கழிப்பறைத் தண்ணீரில் விழும் முன் காகிதத்திலோ தட்டிலோ ஏந்த வேண்டும். தண்ணீர் பட்டால் ரத்தம் கரைந்துபோகும். மூடியோடு இருக்கும் வரிப்பள்ளக் குச்சியால் மேற்பரப்பில் நாலைந்து இடத்தில் சுரண்டி, பள்ளம் நிறைந்ததும் குழாயில் ஒரே முறை செருகி இறுக்க வேண்டும். அள்ளித் திணித்தால் அளவு கெடும். குறைந்தால் ரத்தம் பிடிபடாது. தேதி எழுதாத குழாயை ஆய்வகம் ஏற்கக் கூடாது. வெயிலில் கிடந்தால் ஹீமோகுளோபின் சிதைந்து, நோய் இருப்பவருக்கும் ‘இல்லை’ என்று வந்துவிடும். ஆகவே குழாயைக் குளிரில் வைத்து, உற்பத்தியாளர் சொன்ன நாளுக்குள் ஆய்வகம் சேர்க்க ஏற்பாடு வேண்டும்.

ரத்தம் தெரிந்தவரிடம் ‘எதற்கும் இன்னொரு முறை பார்ப்போம்’ என்று மறுபடி குழாய் கொடுப்பதைத் தடைசெய்யுங்கள். பாலிப்பிலிருந்து ரத்தம் விட்டு விட்டுத்தான் கசியும். இரண்டாவது முடிவு ‘இல்லை’ என்று வந்தாலும் முதல் முடிவு ரத்தாகாது. ரத்தப்போக்கு, காரணம் தெரியாத இரும்புச்சத்துக் குறைவு போன்ற அறிகுறி உள்ளவர்களும் இந்த வரிசையில் நிற்கக் கூடாது. நேராக மருத்துவரிடம் அனுப்புங்கள். பெற்றோர் அல்லது உடன்பிறந்தவருக்கு 60 வயதுக்குள் இந்நோய் வந்திருந்தால் 40 வயதிலிருந்தோ, அவருக்கு வந்த வயதுக்குப் பத்தாண்டு முன்பிருந்தோ, எது முந்தியதோ அப்போதே கொலனோஸ்கோபி தொடங்கட்டும்.

கொலனோஸ்கோபியின் தரத்தையும் பதிவேட்டில் கேளுங்கள். பேதி மருந்தை முழுவதும் முந்தின இரவே குடிக்கவைத்தால் வலப்பக்கக் குடலில் அழுக்குப் படிந்து, தட்டைப் பாலிப் மறைந்துவிடும். பாதியை முந்தின மாலையும், மீதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பும் கொடுக்க வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்காவது கேமராக் குழாய் சீக்கம் (பெருங்குடலின் தொடக்கப் பகுதி) வரை போயிருக்க வேண்டும். பாலிப் எதுவும் இல்லாதவரிடமும் வெளியே எடுக்கக் குறைந்தது ஆறு நிமிடம் செலவிட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு மருத்துவரும் எத்தனை பேரிடம் அடினோமா (புற்றாக மாறக்கூடிய பாலிப் வகை) கண்டார் என்ற கணக்கும் வேண்டும்.

இவற்றை ஆணையாக வெளியிடவும், குழாய்க் கொள்முதலுக்கு முன் ஒவ்வொரு மருத்துவமனையின் கொலனோஸ்கோபி இடங்களை எண்ணி அறிவிக்கவும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மேற்கண்ட மனுதாரர்கள்