எங்கள் குழந்தையைத் தேற்றிக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் எட்டு மாதக் குழந்தை மறுபடி தவழ ஆரம்பித்துவிட்டாள். பாலுக்கு அழுகிறாள், அழும்போது கண்ணீர் வருகிறது. அந்தக் கண்ணீரைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்படுவது ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

முதல் நன்றி இரவுப் பணியில் இருந்த நர்ஸ் அக்காவுக்கு. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மலத்தில் சளியும் இரத்தமும் என்று அவளைத் தூக்கிக்கொண்டு வந்தோம். நீங்கள் அவள் வயிற்றுத் தோலை இரு விரலால் லேசாகக் கிள்ளி விட்டீர்கள். மடிப்பு மெதுவாகத்தான் விரிந்தது. உச்சிக்குழி உள்வாங்கியிருந்ததையும் தொட்டுக் காட்டினீர்கள். இரண்டுமே உடலில் நீர் வற்றியதன் அடையாளம்; அப்படி வற்றினால் அழுதாலும் கண்ணீர் வராது. அப்புறம் இழந்த நீரை ஈடுகட்டும் ஓ.ஆர்.எஸ். உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கரண்டியில் எடுத்து, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை புகட்டச் சொன்னீர்கள். வாந்தி எடுத்தாள். "பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி கொடுங்க, இன்னும் மெதுவா. தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம்" என்றீர்கள். விடியும்வரை எங்களோடு உட்கார்ந்து புகட்டிய பொறுமையை மறக்க மாட்டோம்.

டாக்டர், போக்கை உடனே நிறுத்த மாத்திரை இல்லையா என்று உறவினர்கள் மாறி மாறிக் கேட்டும் நீங்கள் அசரவில்லை. கைக்குழந்தைக்கு அது ஆபத்து, குடலின் அசைவு நின்று கிருமி உள்ளேயே தங்கிவிடும் என்று பொறுமையாக விளக்கினீர்கள். இரத்தம் கலந்து போவதால் ஆன்டிபயாடிக் வேண்டும் என்று உடனே தொடங்கினீர்கள். எல்லா வயிற்றுப்போக்குக்கும் அது தேவையில்லை என்பதையும் அப்போதே சொன்னீர்கள். தினமும் 20 மில்லிகிராம் துத்தநாக மருந்து தொடர்கிறது, 14 நாளும் விடாமல் கொடுப்போம்.

மலத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்த்து (கல்ச்சர்), இரத்தப்போக்கோடு பேதி உண்டாக்கும் ஷிகெல்லா என்ற பாக்டீரியாதான் என்று உறுதிப்படுத்திய ஆய்வகத்தாருக்கும் நன்றி. நூற்றுக்கும் குறைவான கிருமிகளே நோயைத் தரப் போதும் என்றீர்கள். துணி மாற்றியதும் சோப்பு போட்டுக் கை கழுவுவதில் இப்போது வீட்டில் யாருக்கும் விலக்கு இல்லை.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றிய டாக்டர் திலீப் மஹலனாபிஸ். குடலிலிருந்து உடலுக்குள் போகும்போது குளுக்கோஸ் உப்பையும், உப்பு நீரையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். எங்கள் மகளைத் தேற்றியதும் அதே வழிதான்.

மூத்தவனைத் தன் பிள்ளையாகப் பார்த்துக்கொண்ட மாடிவீட்டு அக்காவுக்கு நன்றி என்று எழுதினால் கோபித்துக்கொள்வார், ஆனாலும் எழுதுகிறேன்.

அடுத்த வாரம் எடை பார்க்க வருகிறோம். நர்ஸ் அக்கா, பகல் பணியில் இருந்தால் அவளைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள்.