அந்தப் பூட்டைத் திறந்துவையுங்கள்

சென்னை நகரின் பொதுக் கழிப்பறைகளுக்குப் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை என் அம்மா, கணவர், பத்து வயது மகள் ஆகியோருடன் உங்கள் நகரைச் சுற்றிப் பார்க்க வந்தேன். அம்மாவுக்கு 67 வயது. முழங்கால் வலி உண்டு, ஆனாலும் மெதுவாக நடப்பார். நடந்து பார்த்தால்தான் ஓர் ஊர் மனதில் நிற்கும் என்று சொல்பவர். திங்கட்கிழமை அவரை எங்கள் ஊர் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். நீர்க்கடுப்பு, காய்ச்சல். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "தண்ணீரே குடிக்கவில்லையா, அம்மா?" என்பதுதான். அந்தக் கேள்விக்கான பதிலை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

காலையில் எழும்பூரில் இறங்கி அரசு அருங்காட்சியகத்துக்கு நடந்தோம். அம்மா பிறந்தது சீர்காழிப் பக்கம். திருவெண்காட்டிலிருந்து வந்த அர்த்தநாரீசுவரர் செப்புத் திருமேனி அங்கே இருக்கிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த சாமிக்கு முன்னால் கைகூப்பி நின்றுவிட்டார். "எங்க ஊர்ச் சாமி" என்று பேத்தியிடம் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. அந்த ஒரு காட்சிக்காகவே நாங்கள் வந்தது வீண்போகவில்லை. கட்டிக்கொண்டுவந்த எலுமிச்சம்பழச் சாதத்தை மரத்தடியில் சாப்பிட்டோம். கிளம்பும் முன் அம்மா அங்கேயே கழிப்பறைக்குப் போய்வந்தார். அப்போது மணி ஒன்று.

அதன்பின் மின்சார ரயிலில் கோட்டை நிலையம். 1680-இல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயத்தைப் பார்த்துவிட்டு, நேப்பியர் பாலம் வழியாக மெரினா கடற்கரைக்கு நடந்தோம். பாலத்தைத் தாண்டியதும் கடல் காற்று முகத்தில் அடித்தது, மகள் ஓட ஆரம்பித்துவிட்டாள். கடற்கரை நடைபாதை அகலமாக, நடக்கச் சுகமாக இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். குறை சொல்வதற்காக மட்டும் இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

நாலு மணிக்கு அம்மா என் கையைப் பிடித்து, காதருகில் மெல்லக் கேட்டார். தேடினோம். முதலில் கண்ணில் பட்ட கழிப்பறையின் சுவரில் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பெண்கள் பக்கக் கதவில் பூட்டு. கடல் உப்பில் துருவேறி, சாவித்துளையே அடைபட்டுப்போன பூட்டு. அது அன்று காலையில் போட்டது அல்ல, அந்த வாரத்தில் போட்டதும் அல்ல. அடுத்த சுவரில் ஆண்கள் பக்கம் திறந்திருந்தது.

அம்மாவின் நடைக்குக் கால் மணி நேரம் தள்ளி இன்னொன்று. அது திறந்திருந்தது. உள்ளே குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது. விளக்கு இல்லை. கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. நான் வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். அம்மா வாசலில் நின்று தரையைப் பார்த்தார், சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார், பிறகு இறக்கிவிட்டார். "வேண்டாம்மா, அடக்கிக்கொள்கிறேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. நடைபாதை ஓரத்தில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். கணவர் வாங்கிவந்த தண்ணீர் பாட்டில் மடியில் மூடி திறக்காமல் இருந்தது. வியர்வை கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது. "அம்மாச்சி, குடியேன்" என்று மகள் இரண்டு முறை சொன்னாள். இரண்டாவது முறை அவர் பாட்டிலை அவளிடமே கொடுத்துவிட்டார். ஐஸ் ஹவுஸ் என்று ஊரார் சொல்லும் விவேகானந்தர் இல்லத்தைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பியவர், அதற்குமேல் நடக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எழும்பூர் ரயில் நிலையத்துக்குத் திரும்பியபோது மணி ஏழு.

நாங்கள் ஒரு நாள் வந்துபோகிறவர்கள். உழைப்பாளர் சிலைக்குக் கொஞ்சம் தள்ளிச் சுண்டல் விற்றுக்கொண்டிருந்த அக்காவிடம் வழி கேட்டேன். மத்தியானம் வந்தால் இரவு பத்து மணிவரை அங்கேதான் நிற்பாராம். "நாங்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வோம்மா" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாறையைப் பெயர்க்கும் நான்கு ஆண்களை 1959-இல் வெண்கலத்தில் நிறுத்தி உழைப்பைக் கொண்டாடிய கடற்கரை அது. அதே மணலில் ஒரு பெண் உழைக்க வேண்டுமென்றால் தாகத்தை அடக்கப் பழக வேண்டியிருக்கிறது. வெயிலில் நிற்கும் பெண் காவலர்கள், குப்பை அள்ளும் அக்காமார், பூ விற்கும் பாட்டிகள் எல்லோரும் இப்படித்தானே நாளைக் கடத்துகிறார்கள்? ஆண்கள் சுவரோரம் ஒதுங்கிவிடுகிறார்கள், அந்த நாற்றத்தையும் நாங்கள்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோம். ஆகஸ்ட் 22 வந்தால் 1639-இல் பிறந்த நகரம் என்று பெருமையாகப் பேசுகிறோம். இத்தனை வயதான நகரத்தில் ஒரு மூதாட்டிக்கு ஒதுங்க இடமில்லை என்பதை எந்த மேடையில் பேசுவது?

மன்னியுங்கள், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். ஆனால் இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. நீதிமன்ற வளாகங்களில் ஆண்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநர் என அனைவருக்கும் கழிப்பறை வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையோடு சேர்த்துத்தான் அதைப் பார்த்தது. நீதிமன்றத்துக்கு வருகிறவருக்கு உள்ள உரிமை கடற்கரைக்கு வருகிறவருக்கு இல்லாமல் போகுமா?

புதிய கட்டடம் கேட்கவில்லை. இருப்பதைத் திறந்துவையுங்கள். குழாயில் தண்ணீர் வரட்டும், கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். ஒரு விளக்கு, ஒரு வாளி, ஒரு குவளை போதும். கூட்டம் கலையும்வரை பார்த்துக்கொள்ள ஒரு ஆளைப் போட்டு, அவருக்கு மாதாமாதம் ஒழுங்கான சம்பளம் கொடுங்கள். அடுத்த கழிப்பறை எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று தமிழில் ஒரு பலகை வையுங்கள். என் மகளுக்கு இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் மாதவிலக்கு தொடங்கிவிடும். அப்போது அவளை இந்தக் கடற்கரைக்கு அழைத்துவர நான் தயங்கக்கூடாது.

உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் அந்தப் பூட்டை நேரில் வந்து பார்த்தால் போதும், மற்றதை நான் விளக்க வேண்டியிருக்காது. கூடவே ஒரு பெண் அதிகாரியையும் அனுப்புங்கள். அவர் அங்கே காலையிலிருந்து மாலைவரை இருந்து பார்க்கட்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. பொங்கல் விடுமுறைக்கு மறுபடி போகலாமா, அந்த ஐஸ் ஹவுஸைப் பார்க்கவே இல்லையே என்று நேற்றுக் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பொங்கலுக்குள் பூட்டைத் திறந்துவையுங்கள், நான் அவருக்குச் சரி என்று சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
சென்னைக்கு வந்துபோன ஒரு மகள்