கனடா பீட்டர்பரோவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மா, கவிதா, அப்பத்தா எல்லாரும் நலமா? உங்கள் கடிதம் வந்து வெகுநாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ள வேண்டாம். போட்டோவில் என் பின்னால் நிற்கும் வண்டி எத்தனை டன் தாங்கும் என்று கேட்டிருந்தீர்கள். மகன் இளைத்திருக்கிறானா என்று அம்மா பார்த்திருப்பாள், நீங்கள் டயரைப் பார்த்திருக்கிறீர்கள்!

வண்டி பக்கத்து வீட்டுக் கிழவருடையது. பனி கொட்டும்போதும் அரைக்கால் டவுசரோடு நின்று வாசலில் பனி அள்ளுவார் என்று எழுதினேனே, அவர்தான். ஃபோர்டு எஃப்-150, பின்னால் திறந்த தொட்டி உள்ள பிக்கப் வண்டி. கடுங்குளிரில் இரவெல்லாம் இன்ஜினுக்குக் கரண்ட் வயர் மாட்டி வைப்பார். உள்ளே ஒரு ஹீட்டர், இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட் தண்ணீரைச் சூடாக வைத்திருக்கும், இல்லாவிட்டால் காலையில் ஸ்டார்ட் ஆவது சந்தேகம். வண்டிக்குக் காட்டும் அக்கறையைத் தன் காலுக்குக் காட்ட மாட்டார்.

எந்த வருஷத்து வண்டி என்றால் நாளுக்கொன்று சொன்னார். சரி என்று நானே பார்த்தேன். டிரைவர் பக்கம், முன் கண்ணாடிக்கு அடியில் 17 எழுத்து சேஸ் நம்பர் இருக்கிறது. 1981 மாடலிலிருந்து இங்கே எல்லா வண்டிக்கும் அப்படித்தான். முதலில் 2 என்றால் கனடாவில் செய்தது. பத்தாவது எழுத்து ‘N’, அது 1992 மாடல். எட்டாவது ‘Y’, அது 4.9 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், ஆறு சிலிண்டரும் ஒரே வரிசை. வேகம் கிடையாது, ஆனால் மெதுவாகச் சுற்றும்போதே நன்றாக இழுக்கும். உங்களுக்குப் பிடிக்கும்.

எடைக்கு வருகிறேன். இதை இங்கே அரை டன் வண்டி என்பார்கள். அது பழைய கணக்கு, அதை நம்பி லோடு ஏற்ற முடியாது. டிரைவர் கதவைத் திறந்தால் ஒரு ஸ்டிக்கர். லோடோடு மொத்தம் 2,835 கிலோ, முன் ஆக்சில் இவ்வளவு, பின் ஆக்சில் இவ்வளவு என்று இருக்கும், நம் ஆர்.சி. புத்தகத்து லேடன் வெயிட் மாதிரி. வெறும் வண்டி எடை அதில் இல்லை. ஹைவே ஓரத்து எடைமேடையில் ஏற்றிப் பார்த்தோம், டேங்க் நிறைய பெட்ரோலோடு 1,960. மீதி 875. நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்தால் 150 போய்விடும், ஆக 725. பின் ஸ்பிரிங் பட்டைகள் துருப்பிடித்துக் கிடப்பதால் 600-க்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கிழவருக்கு மனசு ஆறவில்லை. விறகு இங்கே ‘கார்டு’ கணக்கு, ஒரு கார்டு 128 கன அடி. காய்ந்த மேப்பிளே ஒன்றரை டன்னுக்கு மேல் வரும், அதை ஒரே நடையில் அடிக்கலாம் என்கிறார்! மூன்றில் ஒரு பங்குதான் ஏற்றலாம், பச்சைக் கட்டை என்றால் அதுவும் ஆகாது. சனி, ஞாயிறு அவரோடு ஏற்றி இறக்கப் போகிறேன். காசுக்காக இல்லை, உடம்புக்கு நல்லது என்றுதான். கையில் ஏதாவது திணித்தால் வாங்கிக்கொள்வேன்.

தண்டு எத்தனை சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று என்ற கிரவுன் விகிதம் பார்க்க வண்டிக்கு அடியில் படுத்தேன். பின் ஆக்சில் போல்ட்டில் ஒரு சின்னத் தகடு, 3.55 என்று அடித்திருந்தது. அந்த கிரீஸ் வாசனையில் நம் பட்டறை வந்துவிட்டது அப்பா. பாடி கட்டும் சுத்தியல் சத்தம், மதியம் அம்மா தூக்குப்போசியில் கொண்டுவரும் கம்மஞ்சோறு. எழுந்திருக்கவே மனசில்லை. கிழவர் காலைத் தட்டிக் கூப்பிட்ட பிறகுதான் வந்தேன்.

அது கிடக்கட்டும். நம் லாரியை மாமா கேட்கும் விலைக்குக் கொடுத்துவிட வேண்டாம். எஃப்.சி. இருக்கிறது, டயர் ஆறும் புதுசு. சேலத்தில் வேறு இடத்திலும் விசாரியுங்கள். கவிதா கல்யாண நகைக்காகத்தான் அவசரம் என்றால் தை வரை பொறுங்கள், நான் அனுப்புகிறேன். இந்த மாதம் மட்டும் பணம் கொஞ்சம் தள்ளி வரும், பேங்க்கில் ஏதோ பேப்பர் வேலை, வேறொன்றுமில்லை.

மாப்பிள்ளை வீட்டில் கார் கேட்டார்களாமே? கவிதா போனில் சொன்னாள், நீங்கள் ஒரு வரி எழுதவில்லை. பழனி அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள். தனியாகப் போய்த் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

அன்புடன்,
செல்வம்