குறுந்தொகைக்கு எந்த ராகம்?

அன்புள்ள கயல்,

கல்லூரி வானொலியில் சங்கப் பாட்டும் கர்நாடக இசையும் சேர்த்து அரைமணி நிகழ்ச்சி, எட்டுப் பாட்டு என்று எழுதியிருக்கிறாய். எட்டு வேண்டாம்மா, மூன்று போதும். அறிமுகமும் முடிப்பும் போக 27 நிமிடம் மிஞ்சும். பாட்டுக்கு ஒன்பது: வாசிப்பும் பொருளும் இரண்டு, இசை ஏழு.

குறுந்தொகையிலிருந்தே எடு. நாலடி முதல் எட்டடிக்குள் முடிந்துவிடும். அகநானூறு 13 அடியில் தொடங்கி 31 வரை போகும், காதால் மட்டும் கேட்பவருக்குப் பிடி கிடைக்காது. முதலில் பாட்டு, பிறகு பொருள், மறுபடி அதே பாட்டு. இரண்டாம் தரம்தான் சொல் காதில் விழும்.

'யாயும் ஞாயும்' பாட்டில் நான்காம் அடியைக் கவனி. மற்ற அடிகளில் நாலு சீர். 'செம்புலப் பெயனீர் போல' மூன்றே சீர். நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தின அடி, அப்படித்தான் வரும். குறைகிற அந்த ஒரு சீருக்கு மூச்சு விட்டுக் கடைசி அடிக்குப் போ. அந்த இடைவெளியில் வீணையை ஏற்றிவிடாதே. மழைநீர் செம்மண்ணில் கலப்பது அங்கேதான்.

ராகத்தைப் பெயர் பார்த்து எடுக்காதே. குறிஞ்சித் திணைக்குக் குறிஞ்சி ராகம் வைத்தால், கேட்பவர் மனசு 'சீதா கல்யாண வைபோகமே' பாடும் பந்தலுக்குப் போய்விடும். பாட்டில் இருப்பதோ ஊருக்குத் தெரியாத காதல். திணைக்குரிய பொழுதைப் பார். முல்லைக்கு மாலை, அதற்குப் பூர்விகல்யாணி ஆலாபனை கூடி வரும். மருதத்துக்கு வைகறை, அதற்குப் பௌளி.

வாசிப்புக்கு அடியில் தம்புரா மட்டும் ஓடட்டும், குரலைவிட ஏறக்குறைய 20 டெசிபல் தாழ்வாக. வாய்ப்பாட்டு என்றால் சொல்லோடு சொல் மோதும். மிருதங்கம் என்றால் காது தாளத்தின் பின்னால் ஓடிவிடும். ரொம்பப் பேர் கோட்டை விடுவது சுருதியில். ஆதார சுருதியின் உயரத்தைத்தான் கட்டை என்கிறோம். ஒரு கட்டை வீணை முடிந்த கையோடு ஒன்றரைக் கட்டைக் குழல் வந்தால், இரண்டுமே சுத்தமாக இருந்தாலும் சுருதி பிசகினதுபோலக் கேட்கும். தம்புராவை முழுக்க இறக்கி, பொருளை வெறும் குரலில் சொல். மறு வாசிப்புக்குப் புதுச் சுருதியை மெதுவாக ஏற்று.

கிருதியை வெட்ட நேர்ந்தால் ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுத் தாளச் சுற்று, முடிகிற இடத்தில் வெட்டு. பதிவுகளுக்கு அனுமதியை எழுத்தில் வாங்கிவிடு.

ஸ்கிரிப்ட் தயாரானதும் தாளை அனுப்பாதே, வாசித்துப் பதிந்து அனுப்பு. அடி எங்கே ஒடிகிறதென்று கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா