மூன்று விசில் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

இம்மடலை உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதியிருக்க வேண்டும். ஆனால் வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் எங்களுக்கு முகவரி இல்லை. அவ்வாறே வாழும் சகோதரிகள் இருவருக்கும் இல்லை. மீனவப் பெரியவரோ தம் பெயரைக்கூடச் சொல்லாமல் போய்விட்டார். ஆகவே பொதுவில் எழுதுகிறேன். யார் வழியாகவேனும் உங்களை வந்தடையட்டும்.

முதல் நன்றி பெரியவருக்கு. பௌர்ணமி கழிந்த இரண்டாம் நாள் மாலை, சாலை முடிந்து நெடுந்தொலைவு தள்ளிக் கிடந்த அந்தக் கடற்கரையில் நாங்கள் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தபோது, வலையைத் தோளில் சுமந்து வந்த நீங்கள் நின்று, மணலில் இரண்டு கோடுகளைக் காட்டினீர்கள். ஒன்று, அன்று பகல் ஏறிய கடல் விட்டுச்சென்ற ஈரப்பாசிக் கோடு; நாங்கள் அதற்கு மேலேதான் இருந்தோம், அதனால் நிம்மதியாகவும் இருந்தோம். மற்றொன்று அதற்கும் ஏறத்தாழ 30 அடி மேலே, புல் தொடங்கும் இடத்தில், காய்ந்து கறுத்த பாசியும் மரத்துண்டுகளும் ஒதுங்கிக் கிடந்த கோடு. “கடல் பொங்கினால் அதுவரை வரும், அதற்கு மேலே போய்விடுங்கள்” என்றீர்கள்.

எங்களிடம் ஓத அட்டவணை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களின் பட்டியல், இருந்தது. இரவு 1.40 மணிக்கு நீர் உச்சத்தை எட்டும் என்பதும், நீர் மிக உயரமாக ஏறும் பேரோதம் பௌர்ணமிக்கு ஓரிரு நாள் பின்னரே வருவது வழக்கம் என்பதும் தெரிந்துதான் இருந்தன. ஒரே நாளின் இரண்டு ஏற்றங்களும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டியதில்லை என்பதையும், அட்டவணை போடுவது சூரியன், சந்திரனின் கணக்கே தவிர அன்றைய வானிலையின் கணக்கு அன்று என்பதையும் மறந்துபோனோம். காற்றழுத்தம் அதன் அலகான ஹெக்டோபாஸ்கலில் 1 குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் உயரும். கரையை நோக்கி அடிக்கும் காற்று அதன்மேல் இன்னும் நீரைத் தள்ளும். அன்று மாலையிலிருந்தே இரண்டும் நடந்துகொண்டிருந்தன. உங்கள் சொல்லில் பாதியைத்தான் கேட்டோம், ஐயா. கூடாரத்தை மேலேற்றினோம், வண்டியைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

ஏறும் ஆறு மணி நேரமும் நீர் ஒரே சீராக ஏறுவதில்லை. மூன்றாம், நான்காம் மணி நேரங்களிலேயே ஏறத்தாழப் பாதி உயரத்தை ஏறிவிடும். அந்த இரண்டு மணி நேரத்தையும் நாங்கள் நன்றாகத் தூங்கிக் கழித்தோம். பன்னிரண்டரைக்கு விழித்தபோது வண்டியின் சக்கரம் பாதி நீருக்குள் இருந்தது. பெட்டிகளை எடுக்க இருட்டில் இறங்கிய என் கணவர், ஏற்றத்தோடு கரையோரம் வந்து மணலில் படுத்திருந்த திருக்கை மீனை மிதித்துவிட்டார்; அதன் நச்சு முள் காலில் குத்திவிட்டது. காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துக்கொண்டே நடந்திருந்தால் அது விலகிப் போயிருக்கும் என்பதைப் பிற்பாடு அறிந்தோம்.

கைப்பேசியில் சிக்னல் இல்லை. மலையேறுபவர்களிடம் கற்ற முறைப்படி நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஆறு முறை ஊதினேன். நான்காம் சுற்றை முடித்து, காற்றின் இரைச்சலுக்குள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றபோது, பாறை முனைக்கு அப்பாலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என விசில் வந்தது. கேட்டுவிட்டது என்பதற்கான விடை அதுதான். சகோதரிகளே, நீங்கள் வந்து சேர மேலும் அரை மணி நேரம் ஆயிற்று என்றாலும், என் கைநடுக்கம் நின்றது அந்த மூன்றாவது விசிலில்தான்.

உங்களில் செவிலியராகப் பணியாற்றியவர் செய்த முதல் வேலை, குடிநீர் கேனை நோக்கிப் போன என் கையைத் தடுத்ததுதான். “கடல்நீரையே சுடவையுங்கள், நாளைக்குக் குடிக்க வேண்டாமா?” என்றீர்கள். திருக்கையின் நஞ்சு சூட்டில் சிதையும் என்று விளக்கியபடியே, தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி செல்சியஸுக்கு மேற்போகாமல் பார்த்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் என் கணவரின் காலை நீரில் வைத்திருந்தீர்கள். ஒவ்வொரு முறை சுடுநீர் சேர்க்கும்போதும் அவருடைய காயம்படாத காலை முதலில் நனைத்துச் சூடு பார்க்கச் செய்தீர்கள். காயம்பட்ட காலுக்குச் சூடு சரியாகத் தெரியாமல் வெந்துபோகலாம் என்பது எனக்குத் தோன்றியிராது. முள்ளின் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம், வலி அடங்கியதை நம்பாமல் மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்து டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள் என்று நீங்கள் வற்புறுத்தியது வீண்போகவில்லை. துண்டு இருந்தது; எடுத்துவிட்டார்கள்.

விடியலில் நீர் வடிந்ததும் பெரியவர் இரண்டு இளைஞர்களோடும் கயிறோடும் வந்தார். நேற்றே சொன்னேனே என்று ஒருவர் சொல்லக்கூடிய இடம் அது, அவர் சொல்லவில்லை. நான் ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்துச் சக்கரத்தை இன்னும் ஆழமாகப் புதைத்ததைப் பார்த்துவிட்டு, இளைஞர்களில் ஒருவர் எஞ்சினை நிறுத்தச் சொல்லி, டயர்களில் 35 பி.எஸ்.ஐ. (டயர் காற்றழுத்த அலகு) இருந்த காற்றை 18-ஆகக் குறைத்தார். தட்டையான டயர் மணலில் அகலமாகப் படிந்தது; சக்கரத்துக்கு முன்னிருந்த மணலை வாரிவிட்டுப் பலகை செருகிக் கயிற்றை இழுத்ததும் வண்டி மூன்றாம் முயற்சியில் மேலேறியது.

பணத்தை நீட்டியபோது பெரியவர் வாங்கவில்லை. மாறாக மண்வெட்டியை என்னிடம் நீட்டினார். ஆமைகள் முட்டையிடும் கரை அது. சக்கரம் பறித்த பள்ளங்களில் விழும் குஞ்சுகளால் ஏறிக் கடலுக்குப் போக முடியாதாம். கடைசிப் பள்ளமும் மூடும்வரை அருகிலேயே நின்றிருந்துவிட்டுத்தான் வலையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சகோதரிகளுக்கு மற்றொரு செய்தி: நீர் சுடவைத்த உங்கள் பாத்திரம், அவசரத்தில் எங்கள் வண்டியிலேயே தங்கிவிட்டது. ஒரு பக்கம் நசுங்கி, கைப்பிடியில் சிவப்புத் துணி சுற்றியது. நன்றாகத் துலக்கி வைத்திருக்கிறேன். எந்தக் கரையில் இருக்கிறீர்கள் என்று தெரிவித்தால் கொண்டுவந்து தருகிறோம்.

நன்றியுடன்,
கோட்டுக்குக் கீழே வண்டியை நிறுத்திய இருவர்